சாலைக்கு இந்தப் பக்கம்

அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்ததே மைக்கேல்தான். பிறகு யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். வெரோனிக்காவுக்கு இந்த ஒன்று மட்டும்தான் மனசைவிட்டுப் போகாமல் கிடந்தது.

மைக்கேல் அவளுடைய அண்ணன். பெம்பானிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வெள்ளைக்கல் தோட்டத்தில் பிறந்தவன், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசைவீடான அதே லயத்தில் அப்போதும் இருந்தவன். லோரி ஓட்டுகிறான். தோட்டம் கைமாறி ரொம்ப நாளாகிவிட்டது. ரப்பர் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். அப்புறம் நிலத்தையே ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கிப்போட்டது. பழைய ஆட்களில் போக்கிடம் இல்லாத குடும்பங்கள் மட்டும் லயத்திலேயே தங்கிவிட்டன. அவர்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதெல்லாம் முன்னால் போய் நின்றவன் மைக்கேல். லீவு போட்டு லீவு போட்டு, இரண்டு இடத்தில் வேலையே போயிற்று. கடைசியில் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. தோட்டத்துச் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு துண்டு நிலம் குடும்பங்களின் குழுவுக்கு. அதில் ஆளுக்கு ஒரு தரைவீடு கட்டிக் கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு. நிலம் குழுவின் பேருக்கு மாறிவிட்டது. வீடு கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதுதான் பாக்கி. சாலைக்கு அந்தப் பக்கம் முழுக்க கம்பெனிக்கு. அங்கே கீழே கடையும் மேலே வீடுமாகக் கடைவீடுகள் வரப்போவதாகப் படம் போட்டு ஒரு பெரிய போர்டு நின்றது.

வெரோனிக்கா நிலவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பூமியில் இருக்கும் பழைய பிளவுகளில் எது செத்துப்போனது, எது இன்னும் உயிரோடு இருக்கிறது, எது என்றைக்காவது அசைந்து தரையை மேலே வரைக்கும் கிழித்துவிடும் என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. மலேசியாவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சுமத்ராவில் ஆடினால் இங்கே தொங்கும் விளக்கு ஆடும், அதோடு சரி என்பார்கள். பக்கத்து மாநிலத்தில் அடுத்தடுத்து சின்னச் சின்ன அதிர்வுகள் வந்த வருஷம்தான் அந்தச் சிரிப்பு நின்றது. பெம்பானில் அலமாரிக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பழைய பிளவுகளையெல்லாம் மறுபடி பார்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு வேலை வந்தது.

விமானத்திலிருந்து எடுத்த படத்தில், மரங்களைக் கழித்துவிட்டு வெறும் தரையை மட்டும் பார்த்தபோது, வெள்ளைக்கல் தோட்டத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. ஓடைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வந்ததும் ஒரே பக்கமாக ஒடிந்து திரும்பின. அது தான் பிறந்த தோட்டம் என்பது வெரோனிக்காவுக்குப் படத்தைப் பார்த்துச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

படத்தில் கோடு தெரிந்தால் போதாது. குறுக்கே தோண்டி மண்ணின் அடுக்குகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மண் புரட்டப்படாத இடம் வேண்டும். செம்பனைக்காக மலைச்சரிவையெல்லாம் இயந்திரம் வைத்து வெட்டிப் படியாக்கிவிட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் ஒருவரும் கைவைக்காத இடம் இரண்டுதான். சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனி நிலத்தில் ஒரு புதர்க்காடு. இந்தப் பக்கம், தோட்டத்து மாடுகள் மேய்ந்த புல்வெளி. அதுதான் இப்போது வீட்டுமனை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். தற்சமயம் வசதிப்படாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது வெரோனிக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா இவ்ளோ யோசிக்கற? உனக்கு இல்லாத எடமா மா?" என்றான் மைக்கேல். "நம்ம தோட்டத்துப் புள்ள ஆராய்ச்சி பண்ண வருதுன்னா எல்லாருக்கும் பெருமதான்லா."

அண்ணி சிசிலியா மட்டும் குழம்பை ஊற்றிக்கொண்டே, "தோண்டுனா அந்த எடத்துல வீடு கட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

"மூடி, மண்ண அடிச்சு இறுக்கிக் கொடுத்துருவோம் அண்ணி. பழையபடி ஆயிரும்."

பழைய ஆயாக்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். ஒரு காலத்தில் பால் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போன கொட்டகை அது. பாக்கியலட்சுமி அக்காதான் கடைசிவரை சந்தேகமாக இருந்தார். புருஷன் போன பிறகு, காது கேளாத மகளோடு லயத்தின் கடைசி வீட்டில் இருப்பவர். "நீ எதத் தேடற மா? கெடச்சா நல்லதா, கெடைக்காட்டி நல்லதா?" என்று கேட்டார்.

"இல்லாம இருந்தா நல்லதுக்கா. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது," என்றாள் வெரோனிக்கா. அப்போது அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நாட்டில் இப்படிப் பார்த்த கோடுகளில் பெரும்பாலானவை எந்தக் காலத்திலோ அடங்கிப்போனவை. குழுவின் சார்பில் மைக்கேல் கையெழுத்துப் போட்டான்.

மழை விட்ட வாரமாகப் பார்த்துத் தோண்டினார்கள். ஆளுயரத்துக்கும் மேலே ஆழம். சுவர் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். வெரோனிக்கா உள்ளே இறங்கி, கரணையால் சுவரைச் சுரண்டிச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். ஆணியடித்து நூல் கட்டிக் கட்டம் போட்டாள். மேலே செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். அதற்கும் கீழே, என்றோ ஓடிய ஓடை விட்டுப்போன கூழாங்கல் படுகை, கல்லை எடுத்து அடுக்கிவைத்ததுபோலச் சீராக.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் படுகை ஓரிடத்தில் நின்றுவிட்டது. வெட்டினாற்போல நின்றுவிட்டது. சுரண்டிக்கொண்டே போனாள். முழங்கால் அளவு கீழே இறங்கி, அதே கூழாங்கல், அதே கனத்தில், மறுபடி ஆரம்பித்து ஓடியது. களிமண்ணும் அப்படியே அறுந்து இறங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு வெடிப்பு. அதற்குள் மேலிருந்து சரிந்து விழுந்த உதிரி மண். அந்த மண்ணுக்குள் வயசைக் கணக்கிடத் தோதாகக் கரித்துண்டுகள். அதன்மேல் செம்மண் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல மூடியிருந்தது. தரை ஒரு காலத்தில் இங்கே நின்றவாக்கில் கிழிந்திருக்கிறது. அதுவும் பூமிக்கணக்கில் ரொம்பப் பழைய காலமில்லை.

இருபது வருஷம் படித்தும் தேடியும் இப்படி ஒரு சுவரை அவள் சொந்த நாட்டில் பார்த்ததில்லை. மற்ற நாட்டுக்காரர்கள் போடும் படங்களில்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து கூட வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள், யாரோ கைதட்டினார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு அப்போதுதான் வந்த மைக்கேல் மேலே நின்று எட்டிப் பார்த்தான்.

"என்னா மா, தங்கம் கெடச்சிருச்சா?"

"அதவிடப் பெருசு அண்ணே," என்றாள்.

அவனும் சிரித்தான். தங்கச்சி சந்தோஷமாக இருப்பதைப் பார்த்த சிரிப்பு. பொட்டலங்களை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் குழியின் தலைமாட்டில் குந்தி, அவள் கைகாட்டிய இடத்தைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, அந்த வெடிப்பு எந்தத் திசையில் போகும் என்று கண்ணாலேயே இழுத்துக்கொண்டு போனான். வீட்டுமனைகளுக்கு அடித்திருந்த வெள்ளைக் குச்சிகள் அந்தத் திசையில்தான் வரிசையாக நின்றன. அவன் சிரிப்பு அடங்கியதை வெரோனிக்கா பார்த்தாள். அவள் கையிலிருந்த பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.

கரித்துண்டுகளை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி முடிவு வரச் சில மாதம் ஆயிற்று. தரை இரண்டு தடவை கிழிந்திருந்தது. கடைசித் தடவை நடந்து இரண்டாயிரம் வருஷம் சொச்சம் இருக்கலாம். இதை லயத்தில் வைத்துச் சொல்ல வெரோனிக்காவுக்குத் தைரியம் வரவில்லை. அண்ணனைக் கிளேபாங்குக்கு வரச்சொன்னாள். கடலோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். சாயங்காலக் கூட்டம் அவர்களைச் சுற்றி இளநீர் குடித்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மைக்கேல், "ரெண்டாயிரம் வருஷமா," என்றான்.

"சொச்சம்."

"அடுத்தது எப்ப?"

"அது தெரியாது அண்ணே. நாளைக்கும் வரலாம். இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சும் வரலாம். ஆனா வந்தா, அதே எடத்துலதான் கிழியும். மேல இருக்கற வீடு ரெண்டாப் போவும். ஆடுறதுக்கு வேணும்னா கம்பியப் போட்டு பலமாக் கட்டிக்கலாம். தரையே பிரிஞ்சு ஒரு பக்கம் எறங்குனா எந்தக் கட்டடமும் தாங்காது."

மைக்கேல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"அடுத்த மாசம் கையெழுத்து போடறோம்னு சொல்லியிருக்கான் கம்பெனிக்காரன்," என்றான். "நீ இல்லன்னு எழுத வேணாம். பொய் சொல்லச் சொல்லல. கொஞ்சம் பொறுத்துக் குடு. கையெழுத்து ஆவட்டும். அப்புறம் நீ என்னா வேணும்னாலும் எழுது. கையெழுத்து ஆயிருச்சுன்னா அவன் எங்கயாச்சும் கட்டிக் குடுத்துதான் ஆவணும்."

"ரிப்போர்ட்டு ஏற்கனவே தாமதம் அண்ணே. மேல கேட்டுட்டே இருக்காங்க."

"ரெண்டாயிரம் வருஷம் பொறுத்த பூமி ஒரு மாசம் பொறுக்காதா?"

அவள் மனசில் ஓடியது வேறு. பக்கத்து மாநிலத்தில் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு மாதத்துக்குள் எங்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? அதோடு அவளிடம் ஒரு யோசனையும் இருந்தது. வீடுகளைக் கோட்டிலிருந்து தள்ளிக் கட்டினால் போதும். மனையில் கொஞ்சம் இடம் குறையும். அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஈடுகட்டிக் கொடுத்தால் எல்லாக் குடும்பத்துக்கும் வீடு வந்துவிடும். அதைத் தெளிவாகப் படம்போட்டு எழுதப்போவதாகச் சொன்னாள்.

"நீ எழுதினா அவன் கேட்டுருவானா?"

"பாதுகாப்பு விஷயம் அண்ணே. கேட்டுதான் ஆவணும்."

மைக்கேல் எழுந்து கொண்டான். "அன்னிக்கு குழிக்குள்ள நின்னு நீ சிரிச்ச பாரு," என்றான். குரலில் கோபம் இல்லை. "அத நான் வீட்ல போய்ச் சொல்லல. சிசிலியா கேட்டா. ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

அவள் அறிக்கையை அந்த வாரமே கொடுத்துவிட்டாள்.

கம்பெனியிலிருந்து ஹரிதாஸ் என்ற அதிகாரி வந்தார். நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார்; கொட்டகைக்குள் வரும்போது வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு வந்தார். எல்லாக் குடும்பமும் வந்திருந்தது. மைக்கேல் முன்வரிசையில் இருந்தான். வெரோனிக்காவை விளக்கம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.

"டாக்டர் சொன்னத நாங்க முழுசா மதிக்கிறோம்," என்று ஆரம்பித்தார் ஹரிதாஸ். "பாதுகாப்பு இல்லாத எடம்னு தெரிஞ்சும் அங்க வீடு கட்டிக் குடுத்தா அது உங்களுக்கு நாங்க பண்ற துரோகம். அதனால அந்த மனையில கம்பெனி கட்டாது. ஒப்பந்தத்துல கையெழுத்து ஆவாததால மாற்று நிலம் குடுக்கற கடமையும் கம்பெனிக்குக் கிடையாது. ஆனாலும் மனிதாபிமானத்துல, மெர்லிமாவ்ல வாடகை பிளாட்டுக்கு நாங்களே பேசித் தர்றோம்."

தள்ளிக் கட்டச் சொல்லி அறிக்கையில் போட்டிருந்த படத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. வெரோனிக்காதான் எழுந்தாள்.

"அந்தக் கோடு சாலையோட நிக்கல. அந்தப் பக்கமும் போகுது. உங்க கடைவீட்டுக்கு நேர் அடியில போகுது."

"அப்படி உங்க அறிக்கையில இருக்கா டாக்டர்?"

"படத்துல தெரியுது."

"படத்துல தெரியறது வேற, நிரூபணம் வேறன்னு நீங்களே எழுதியிருக்கீங்க." அவர் அந்தப் பக்கத்தைத் தேடக்கூட இல்லை, குறித்து வைத்திருந்தார். "சாலைக்கு அப்பால் அகழ்ந்து பார்க்கப்படாததால் அங்கே பிளவின் நிலையை உறுதியாகச் சொல்ல இயலாதுன்னு இருக்கு. இது உங்க வார்த்தைதானே?"

அவளுடைய வார்த்தைதான். நேர்மையாக எழுத வேண்டும் என்று, தெரியாததைத் தெரியாது என்று எழுதிய வார்த்தை.

"அப்ப அங்க தோண்ட விடுங்க," என்றாள்.

"எழுதிக் கேளுங்க. மேலிடத்துக்கு அனுப்பறேன்," என்றார் ஹரிதாஸ்.

அவர் போன பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பாக்கியலட்சுமி அக்கா மகளுக்குக் கைஜாடையில் ஏதோ சொல்ல முயன்று, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கையை மடியில் போட்டுக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "தோண்டாம இருந்திருந்தா ஒண்ணும் வந்திருக்காதுலா," என்றார். இன்னொருவர், "கையெழுத்து போட்டது யாரு?" என்றார். அது கேள்வியில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பிடரியை மட்டும்தான் வெரோனிக்காவால் பார்க்க முடிந்தது. அங்கே நரைத்த முடி அவ்வளவு இருப்பதை அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள்.

அதற்குப் பிறகு அவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். அலுவலகம் அலுவலகமாக எழுதினாள். பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் பேசினாள். ஒரு பத்திரிகை நிருபர் வந்து பார்த்தார்; செய்தியில் கோட்டைப் பற்றி இருந்தது, குடும்பங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கம்பெனி தன் செலவில் வேறொரு நிபுணரை வைத்து, துளை போட்டு மண்ணைப் பரிசோதித்துக்கொண்டது. துளை போட்டால் மண்ணின் பலம் தெரியும். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாது. அதையும் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை. அவளுடைய ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது, பல்கலைக்கழகத்தில் பாராட்டினார்கள். கையைக் குலுக்கியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மைக்கேல் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டான். விலகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று சிசிலியா போனில் சொன்னாள். கோயிலில்கூட அவன் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, பூசை முடியும் முன்பே வெளியே போய்விடுகிறானாம். நிலம் இன்னும் குழுவின் பேரில்தான் இருந்தது. கட்ட முடியாத, விற்க முடியாத நிலம்.

லயத்தை இடிக்கிற வாரம் வெரோனிக்கா போயிருந்தாள். மைக்கேல் தன் லோரியிலேயே ஒவ்வொரு வீட்டுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போய் மெர்லிமாவ் பிளாட்டில் இறக்கிக் கொண்டிருந்தான். அவனோடு பேசாதவர்களின் சாமானையும் ஏற்றினான். அவளும் சட்டி பானைகளைத் தூக்கினாள். யாரும் அவளை வேண்டாமென்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பாக்கியலட்சுமி அக்கா மட்டும், தன் வீட்டுச் சாமிப் படங்களைச் சேலையில் சுற்றி அவள் கையில் கொடுத்து, "இத நீ மடியில வச்சுட்டு வா மா. லோரி குலுங்கும்," என்றார். அவ்வளவுதான். வழிநெடுக வெரோனிக்கா அதை மடியிலேயே வைத்திருந்தாள். அழுகை வந்தது. பக்கத்தில் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் கேக் வாங்கிக்கொண்டு பிளாட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. மைக்கேல் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வீட்டில் இரண்டு அறை. லயத்திலிருந்து வந்த கட்டில் ஓர் அறையை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. துணி காயப்போட இடமில்லாமல் ஹாலின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். சிசிலியா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இங்க ஆடுச்சுன்னா நாங்க எப்படி எறங்கறது? ஓடிரணுமா?"

"ஓடாதீங்க அண்ணி. ஆடும்போது படியில எறங்கவே கூடாது. மேசைக்கு அடியில பூந்து, அதோட கால கெட்டியாப் புடிச்சுக்கணும். நின்ன பிறகுதான் எறங்கணும்."

சிசிலியா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மடக்கி வைக்கிற பிளாஸ்டிக் மேசை ஒன்று சுவரோரம் சாய்ந்து நின்றது.

"சரி," என்றாள்.

மைக்கேல் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசி. தங்கச்சியைப் பார்த்து, "எப்ப வந்த? சாப்டியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். அவள் கிளம்பியபோது காடி நிறுத்துமிடம் வரைக்கும் அவனும் இறங்கி வந்தான்.

"இப்ப எங்க ஓட்டற அண்ணே?"

"கல்லு, மணலு, சிமெண்டு. சைட்டுக்கு அடிக்கறேன். அங்கதான். நம்ம தோட்டத்துல, அந்தப் பக்கம். வேற எவன் கூப்புடறான் என்னைய," என்றான்.

அவள் காடிக் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றாள்.

"அந்தக் கோடு எந்த எடத்துல போவும்னு சொல்லு," என்றான். "உத்தேசமா."

"சாலையோரத்துல தண்ணித் தாங்கி இருந்துச்சே, அதுலேருந்து, கணக்கு எழுதற கிராணி இருந்தாரே, அந்தப் பழைய வீட்ட நேரா பாரு. அந்த வழிதான்."

அவன் கையை நீட்டி, காற்றில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். "அப்ப அஞ்சாவது கடைக்கும் ஆறாவது கடைக்கும் நடுவுல வரும்," என்றான். "கூரை போட்டுட்டான் அதுக்கு. கீழ ஒரு கிளினிக்கு வருதாம்."

"நான் மறுபடி எழுதறேன் அண்ணே."

"எழுது."

மேல்மாடியில் யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம் கேட்டது. மைக்கேல் அவள் காடியின் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தான்.

"காத்து கம்மியா இருக்கு. பெட்ரோல் கடையில அடிச்சுட்டுப் போ," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.